செவலைக்கு ஸ்கேன் எடுத்த கதை

மூன்றாம் முறை கோவைக்குப் போனபோதுதான் எங்கள் பூனை செவலைக்கு ஸ்கேன் எடுக்க முடிந்தது. முதல் இரண்டு பயணங்களின் எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

ஒன்பது வயது. நான்கு நாளாகக் கருவாட்டைக்கூட முகர்ந்துவிட்டு நகர்ந்தது. கோபியில் இரத்தம் எடுத்துப் பார்த்ததில், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் 4.8. “வயதாகிவிட்டதுங்க, சிறுநீரகம் போய்விட்டது” என்று டிரிப் ஏற்றி அனுப்பினார்கள். ஸ்கேன் பற்றிக் கேட்டால், “பூனைக்கு எதற்குங்க அதெல்லாம்?” என்று சிரிப்பு வேறு. சிறுநீரகம் திணறுகிறது என்றுதான் அந்த எண் சொல்லும், காரணத்தைச் சொல்லாது.

முதல் முறை கோவைக்கு அவினாசி வழியாக, கூடைக்குள் கத்திக்கொண்டே வந்தது செவலை. “ஸ்கேன் டாக்டர் செவ்வாய், வெள்ளி மட்டும்தாங்க” என்றார் வரவேற்பில் இருந்தவர். முந்தைய நாள் போனில் “வாங்க” என்றதும் அதே குரல்தான்! வெள்ளியன்று போனால் இயந்திரம் பழுது. மல்லாத்திப் படுக்க வைத்து ஒரே ஒரு எக்ஸ்ரே. குடலில் இருந்த மலம் எல்லாவற்றையும் மறைத்துவிட்டது.

செவ்வாயன்று வயிற்று முடியை மழித்துப் பார்த்தார்கள். வலது சிறுநீரகம் சுருங்கி 2.6 செ.மீ. இடதுபுறம் 4.9, அதன் நடுவே நீர் கோத்து 14 மி.மீ. அகலம். “13 தாண்டினால் அடைப்புதான்” என்றார் டாக்டர். சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாயும் வீங்கியிருந்தது; திரையில் அதைப் பின்தொடர்ந்தபடியே கருவியைக் கீழே நகர்த்தினார். ஓரிடத்தில் வெள்ளைப் புள்ளி, அடியில் கறுப்பு நிழல்: கல். பக்கவாட்டில் எடுத்த எக்ஸ்ரேயிலும் கேழ்வரகு போல அதே கல். பூனையின் சிறுநீர்க்குழாய்க்குள் வழி அரை மில்லிமீட்டர்கூட இல்லை. கல் நகரத்தான் இடமேது? வலது எப்போதோ ஓய்ந்துவிட்டதால் பாரமெல்லாம் இடதுமேல் இருந்திருக்கிறது. வெறும் முதுமை என்று விட்டிருந்தால் அதுவும் போயிருக்கும்.

போகிறவர்கள் ஸ்கேன், பக்கவாட்டு எக்ஸ்ரே இரண்டையும் கேட்டு வாங்குங்கள். டிரிப் ஏற்றியிருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்; அதனாலும் சிறுநீரகத்தின் நடுப்பகுதி கொஞ்சம் விரியுமாம். பழைய படங்களைக் கையோடு கொண்டுபோங்கள். போனில் எடுத்த படத்தைக் காட்டியதற்கு நான் திட்டு வாங்கினேன்.

அறுவை சிகிச்சைக்கு நாள் குறிப்பதற்குமுன் பத்து நாள் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். மறு ஸ்கேனில் 14 மி.மீ. அகலம் 5 ஆகக் குறைந்திருந்தது; கல் சிறுநீர்ப்பைக்குள் இறங்கிக் கிடந்தது. அன்று நான் போனில் மூன்று தடவை கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏறியிருந்தேன்.