கம்பளத்தில் தங்கிவிடும் சோப்பு

ஆடி பிறந்துவிட்டால் தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் முகூர்த்தம் கிடையாது. கம்பளம் சுத்தம் செய்யும் தொழிலில் இருக்கும் எங்களுக்கு அதுவே வேலை குவியும் மாதம். தை முதல் ஆனி வரை ஊரே மிதித்த மேடைக் கம்பளங்களையும், வாசலிலிருந்து மணமேடை வரை விரிக்கும் சிவப்பு விரிப்புகளையும் அந்த மாதத்துக்குள் முடித்துத் தரச் சொல்வார்கள். ஆடிக் காற்று வீசுவதால் சீக்கிரம் காய்ந்துவிடும் என்ற வசதியும் உண்டு. மண்டபத்துக்காரர்களும் சரி, இத்தொழிலுக்குப் புதிதாக வரும் இளைஞர்களும் சரி, முதலில் கேட்பது எந்தச் சோப்பு நல்லது என்பதைத்தான். என் பதில் எப்போதும் ஒன்றே: அழுக்கை எவ்வளவு வேகமாகக் கிளப்புகிறது என்று பார்த்துச் சலவைப்பொருளை வாங்கக் கூடாது, வேலை முடிந்த பிறகு இழைக்குள் எதை விட்டுவிட்டுப் போகிறது என்று பார்த்தே வாங்க வேண்டும்.

வேட்டியையோ புடவையையோ துவைத்தால் இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்து உதறிக் காயப்போட முடியும். தரையோடு ஒட்டிய கம்பளத்துக்கு அந்த வாய்ப்பே இல்லை. இயந்திரம் எவ்வளவுதான் உறிஞ்சினாலும், தெளித்த கரைசலில் ஒரு பங்கு இழைகளின் அடியில் தங்கிவிடும். தண்ணீர் ஆவியான பின் அதில் கரைந்திருந்த சோப்பு பிசுக்காக மிஞ்சும். செருப்போடு வரும் தூசியை அந்தப் பிசுக்கு பிடித்து வைத்துக்கொள்ளும். கழுவிய சில வாரங்களிலேயே ஆட்கள் நடக்கும் தடம் மட்டும் கறுத்துப் போய், "கழுவுறதுக்கு முன்னாடியே நல்லா இருந்துச்சே" என்று உரிமையாளர் வருத்தப்படும் இடங்களில், பெரும்பாலும் இப்படி மிஞ்சிய சோப்புதான் காரணமாக இருக்கிறது.

இப்பகுதியில் பலரும் பயன்படுத்துவது கேனில் விற்கும் சோப்பு ஆயில். ஆசிட் ஸ்லரி என்னும் சலவை மூலப்பொருளையோ எஸ்.எல்.இ.எஸ். என்னும் நுரைப் பசையையோ தண்ணீரில் கலந்து, நிறமும் எலுமிச்சை வாசனையும் சேர்த்துத் தயாரிப்பது அது. எஸ்.எல்.இ.எஸ். கலந்த திரவத்தில் சாதாரண உப்பைப் போட்டாலே குழகுழவென்று கெட்டியாகிவிடும் என்பது தயாரிப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆகவே கெட்டியாக இருப்பதை வீரியம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. பாத்திரத்துக்கும் தரைக்கும் அது போதும், கம்பளத்துக்கு உதவாது. கும்பகோணத்தில் மண்டப மேலாளர் ஒருவர், "தம்பி, நுரை நல்லா பொங்கினாத்தானே அழுக்கு விடும்?" என்று கேட்டார். "அண்ணே, அழுக்கை எடுக்குறது நுரை இல்லை. அந்த நுரையை எடுக்கத்தான் நமக்கு இன்னும் ரெண்டு மடங்கு தண்ணி வேணும்" என்றேன். மேலும், உறிஞ்சும் இயந்திரத்தின் கழிவுத் தொட்டியில் நுரை பொங்கி ஏறினால் அது மோட்டாருக்குள் புகுந்து இயந்திரமே கெட்டுவிடும். துணி துவைக்கும் பவுடரில் இன்னொரு தொல்லை உண்டு: வெண்மை தருவதற்காக அதில் சேர்க்கும் ஒளிர்வூட்டிகள் இழையில் படிந்து, நாளாக ஆக வெளிச்சம் பட்டு மஞ்சளடிக்கும்.

அளவு என்பதில் நம் ஆட்களுக்கு நம்பிக்கை குறைவு. கேனைச் சாய்த்துக் குத்துமதிப்பாக ஊற்றுவதே வழக்கம். தண்ணீரின் பரப்பு இழுவிசை, அதாவது அதைப் பரவவிடாமல் துளியாகத் திரட்டி வைக்கும் விசை, 25 டிகிரி வெப்பத்தில் மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். நல்ல சலவைப்பொருள் சிறிதளவு சேர்ந்ததும் அது 30, 40 என்ற அளவுக்கு இறங்கி, தண்ணீர் இழைக்குள் புகுந்து நனைக்கத் தொடங்கும். ஓர் எல்லைக்குப் பிறகு எவ்வளவு கொட்டினாலும் அதற்குக் கீழே இறங்காது. கம்பள ஷாம்பூக்களில் சேரும் சோடியம் லாரில் சல்பேட்டுக்கு அந்த எல்லை லிட்டருக்கு ஏறத்தாழ 2.4 கிராம்தான். எண்ணெயைச் சுற்றி வளைத்துத் தண்ணீரில் மிதக்க வைக்க அதற்கு மேலும் கொஞ்சம் வேண்டும் என்பது உண்மை. தயாரிப்பாளர்கள் அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டே லேபிளில் அளவைப் போடுகிறார்கள். 1:50 என்று போட்டிருந்தால் லிட்டருக்கு 20 மில்லி, 20 லிட்டர் வாளிக்கு 400 மில்லி. அளவுக் குவளை இல்லாமல் என் ஆட்கள் யாரும் வேலைக்குப் போகக் கூடாது என்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன்.

புதிய சரக்கு ஒன்றை வாங்குவதற்கு முன் நான் செய்யும் சோதனைக்கு ஓர் எவர்சில்வர் தட்டு போதும். லேபிளில் சொன்னபடி கலந்த கரைசலில் இரண்டு கரண்டி எடுத்துத் தட்டில் ஊற்றி, நிழலில் முழுவதுமாகக் காயவிட்டு, மறுநாள் விரலால் தடவிப் பார்ப்பேன். விரல் ஒட்டிக்கொண்டு வந்து, தட்டில் ரேகை பதிந்தால் அந்தச் சரக்கு வேண்டாம். நகத்தால் சுரண்டும்போது வெள்ளைச் செதில்களாக உதிர்ந்தால், ஊதியதும் பறந்தால், அதை நம்பி வாங்கலாம். கம்பளத்திலும் அது அப்படியே பொடியாகி, அழுக்கைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு, அடுத்த முறை வேக்குவம் போடும்போது வெளியே வந்துவிடும். மேற்சொன்ன சோடியம் லாரில் சல்பேட் இவ்வாறு காயும் தன்மை கொண்டது. அழுக்கைப் படிகத்துக்குள் பூட்டும் பாலிமர் சேர்த்த ஷாம்பூக்கள் இன்னும் நன்றாகக் காய்கின்றன; விடுதி வராந்தாக்களில் அடிக்கடி செய்யும் மேல்பூச்சுச் சுத்தத்துக்கு அவையே பொருத்தம்.

எந்தச் சரக்கானாலும் இழை என்ன என்று தெரியாமல் பாட்டிலைத் திறக்கக் கூடாது. ஓரத்தில் ஒரு நூலை வெட்டித் தண்ணீரில் அமுக்கி விடுங்கள். மிதந்து எழுந்தால் அது பாலிப்ரோப்பிலீன். தண்ணீரைவிட எடை குறைந்த இழை. மூழ்கினால் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் வாடையோடு நசுங்கும் சாம்பலாக விழுந்தால் கம்பளி அல்லது பட்டு. காகிதம் எரியும் வாடை வந்தால் பருத்தி அல்லது சணல். உருகிக் கெட்டியான மணியாகிவிட்டால் நைலான் அல்லது பாலியெஸ்டர். நம் மண்டபங்களில் இருப்பவை பெரும்பாலும் பாலியெஸ்டரும் பாலிப்ரோப்பிலீனும்தான். அவை தண்ணீரை ஏற்காமல் எண்ணெயைப் பிடித்துக்கொள்பவை. கொஞ்சம் காரமான சலவைப்பொருளைத் தாங்கும். வீடுகளில் சில சமயம் பதோஹியிலிருந்தோ காஷ்மீரிலிருந்தோ வந்த கம்பளி விரிப்புகள் கிடைக்கும். அவற்றில் பி.எச். என்னும் அமில-கார அளவு 5க்கும் 8க்கும் இடைப்பட்ட சரக்கைத் தவிர வேறெதையும் நான் தொடவிடுவதில்லை. கம்பளியும் பட்டும் புரதம். காரம் அவற்றை அரிக்கும், குளோரின் ப்ளீச் அவற்றைக் கரைத்தேவிடும்.

பி.எச். ஒரு எண் ஏறினால் காரம் பத்து மடங்கு ஏறுகிறது என்பதை மறந்துவிடக் கூடாது. சலவை சோடாக் கரைசல் 11ஐத் தொட்டுவிடும். அது 8ஐவிட ஆயிரம் மடங்கு. பழைய சலவைத் தொழிலாளர்கள் இதை எண்ணால் அறியாவிட்டாலும் அனுபவத்தால் அறிந்திருந்தார்கள்: வேட்டிக்கும் துப்பட்டிக்கும் உவர் மண்ணும் வெள்ளாவியும், பட்டுக்குப் பூந்திக்கொட்டை. பூந்திக்கொட்டைச் சாறு சற்றே அமிலத்தன்மை கொண்டது, பட்டை உறுத்தாது. ஆனால் அதன் பழுப்பு நிறம் வெளிர்நிற இழையில் ஏறும் என்பதால் கம்பளத்துக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

அடுத்தது தண்ணீர். டெல்டா என்றதும் காவிரித் தண்ணீர் என்று நினைத்துக்கொள்வார்கள். நாங்கள் வேலைக்குப் பிடிப்பது மண்டபத்தின் போர் தண்ணீர். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் போகப் போக அது உப்புக் கரிக்கும். தண்ணீரின் மொத்தக் கடினத்தன்மைக்கு இந்தியக் குடிநீர்த் தரநிலையான ஐ.எஸ். 10500 லிட்டருக்கு 200 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு ஆதாரம் இல்லாதபோது 600ஐ உச்ச அளவாகவும் வைக்கிறது. கடினத் தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து திரிதிரியான கசடாகி இழையில் படியும். ஒரு பாட்டில் தண்ணீரில் குளியல் சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்: நுரை நிற்காமல் பால் திரிந்தது போல ஆனால் கடினத் தண்ணீர். அப்படிப்பட்ட இடத்தில் அந்தக் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கட்டிப்போடும் ஈ.டி.டி.ஏ. அல்லது சோடியம் சிட்ரேட் சேர்ந்த சரக்கை எடுத்துச் செல்ல வேண்டும். சோப்பின் அளவைக் கூட்டுவது கசடைத்தான் கூட்டும். உப்புத் தண்ணீருக்கு இந்தச் சரக்கும் மருந்தாகாது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுப்பதால் கம்பளம் எப்போதும் நசநசவென்றே இருக்கும். கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணீர் கொண்டுபோவது நல்லது.

கறைகளைப் பற்றித் தனியாகவே எழுதலாம், அவ்வளவு இருக்கிறது. மஞ்சள் கறையில் சலவை சோடாவோ காரமான சோப்போ பட்டவுடன் அது இரத்தச் சிவப்பாக மாறும். மஞ்சளில் உள்ள குர்குமினின் இயல்பு அது. பதறாமல் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கரைத்த நீரைத் தெளித்தால் மீண்டும் மஞ்சளாகும். அதன்பின் செயற்கை இழையானால் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைத் தடவலாம். கழற்றக்கூடிய விரிப்பானால் வெயிலில் போட்டாலே குர்குமின் வெளிறிவிடும். விபூதியையும் குங்குமத்தையும் நனைக்கவே கூடாது, முழுவதும் வேக்குவத்தால் உறிஞ்சிய பிறகே தண்ணீர் தொட வேண்டும். வெற்றிலைச் சாற்றின் சிவப்பு சுண்ணாம்பின் காரத்தால் வந்தது என்பதால் அதற்கும் முதலில் அமிலம்தான். நம் ஊர்க் காபி ஒரே கறையாகத் தெரிந்தாலும் உள்ளே இரண்டு கறைகள் உள்ளன: பாலின் கொழுப்பும் புரதமும் ஒன்று, காபியின் பழுப்பு மற்றொன்று. பாலுக்கு மிதமான காரமோ என்சைம் சேர்ந்த கரைசலோ வெதுவெதுப்பான நீரில் தெளித்துக் கால் மணி நேரம் ஊற வேண்டும். கம்பளியிலும் பட்டிலும் மட்டும் என்சைம் கூடாது, பாலின் புரதத்தைத் தின்பது இழையின் புரதத்தையும் தின்னும். பழுப்புக்கு அதன்பின் அமிலக் கரைசல். கொதிநீரை ஊற்றினால் இரண்டும் இறுகிவிடும். மேடையில் குத்துவிளக்கைச் சுற்றிச் சொட்டும் நல்லெண்ணெய் பழையதானால் பிசினாக இறுகிக் கிடக்கும். ஆரஞ்சுத் தோலிலிருந்து எடுக்கும் டி-லிமோனீன் போன்ற கரைப்பானைத் துணியில் நனைத்து ஒற்றி எடுக்க வேண்டும். நேராக ஊற்றினால் அடித்துணியை ஒட்டியிருக்கும் லேடெக்ஸ் பசை இளகிக் கம்பளம் இரண்டாகப் பிரிந்துவிடும்.

ஜெர்மானிய வேதியியலாளர் ஹெர்பர்ட் சின்னர் சுத்தம் செய்வதை நான்காகப் பகுத்தார்: வேதிப்பொருள், வெப்பம், தேய்ப்பு, நேரம். ஒன்றைக் குறைத்தால் மற்றவற்றைக் கூட்ட வேண்டும். நம் தொழிலில் செலவில்லாமல் கூட்டக்கூடியது நேரம் ஒன்றே, ஆனால் அவசரத்தில் முதலில் குறைக்கப்படுவதும் அதுதான். முதலில் வேக்குவம், காவிரி வண்டல் மிக நுண்ணியது, உலர்ந்த நிலையில் எடுக்காவிட்டால் நனைந்ததும் சேறாகிவிடும். பிறகு யாருக்கும் தெரியாத மூலையில் கரைசலைத் தெளித்து, வெள்ளைத் துணியை அழுத்திச் சாயம் விடுகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு தெளித்துப் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். அக்னி நட்சத்திர நாள்களில் அதற்குள் காய்ந்துவிடும் என்பதால் அந்த நேரத்துக்கு மின்விசிறிகளை நிறுத்திவிடுங்கள். தேய்த்து உறிஞ்சிய பின் வெறும் தண்ணீரில் ஓர் அலசல், அதன்பின் எலுமிச்சை உப்பைச் சிறிது சிறிதாகச் சேர்த்து பி.எச். தாள் 5 காட்டும் தண்ணீரில் இன்னோர் அலசல். இயந்திரத்தின் கண்ணாடிக் குழாயில் திரும்பி வரும் தண்ணீரைக் கவனியுங்கள். அழுக்கு நிறம் நின்ற பிறகும் வெள்ளைக் குமிழிகள் ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் குமிழிகள் நிற்கும் வரை அலச வேண்டும். சணல் அடித்துணி உள்ள கம்பளத்தில் காரம் மிஞ்சினால் காயும்போது பழுப்பு மேலேறி வரும், இந்தக் கடைசி அலசல் அதையும் தடுக்கிறது. பிறகு எல்லா விசிறிகளையும் முழு வேகத்தில் ஓடவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மறுநாளுக்குள் காய வைக்க வழியில்லை என்றால் அந்த வேலையையே ஒத்திப்போடுவது நல்லது.

ப்ளீச்சிங் பவுடரையும் கழிவறை ஆசிடையும் ஒரே வாளியில் கலக்கும் பழக்கத்தை எங்கு பார்த்தாலும் தடுத்து நிறுத்துங்கள். வெளிவருவது குளோரின் வாயு, மூடிய அறையில் உயிருக்கே ஆபத்து.

கழிவுத் தண்ணீரைப் பற்றி யாரும் பேசுவதில்லை, இந்த மண்ணில் அதைப் பேசாமல் விட எனக்கு மனம் வரவில்லை. இங்கு மண்டபத்துச் சாக்கடை பல ஊர்களில் நேரே வாய்க்காலில் விழுகிறது, வாய்க்கால் வயலுக்குப் போகிறது. பாஸ்பேட் மிகுந்த சலவை நீர் ஆகாயத்தாமரைக்கு உரமாகும். மலிவான சில சரக்குகளில் உள்ள நோனில்பீனால் எத்தாக்சிலேட் சிதைந்து, மீன்களின் ஹார்மோன்களைக் குலைக்கும் பொருளாக மாறுகிறது; ஐரோப்பிய ஒன்றியம் 2003ஆம் ஆண்டின் ஆணையால் அதைக் கட்டுப்படுத்திவிட்டது. அது இல்லாத, பாஸ்பேட் குறைந்த சரக்கு விலையில் சற்றுக் கூடுதல்தான். அதையே வாங்குகிறோம், கழிவுத் தொட்டியைப் பாதாளச் சாக்கடையிலோ மண்டபத்தின் செப்டிக் டேங்கிலோ மட்டும் இறக்குகிறோம். அதற்கு வசதி இருக்கிறதா என்பதை, கூலி பேசுவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்கிறோம்.