ஏழு வந்த வழி

எங்கள் கணக்கு சேர் காலமான அன்று எங்கள் வாட்ஸ்அப் குழுமம் முழுக்க அவருடைய பிரம்பைப் பற்றித்தான் பேச்சு. எனக்கோ அவர் என்றால் மேல்மாடி வகுப்பறையில் இரண்டு பாடவேளை சேர்த்து எடுத்த அந்த நிகழ்தகவுப் பாடம்தான்.

"ஒன்றிலிருந்து பத்துக்குள் எழுமாறாக, எந்தத் திட்டமும் இல்லாமல், ஒரு எண் சொல்லு" என்று வாங்கு வாங்காகக் கேட்டார். ஏழு, மூன்று, ஏழு, ஏழு. ஒன்றையும் பத்தையும் சொல்ல ஒருவருக்கும் மனம் வரவில்லை.

அப்புறம் வகுப்பை இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதி நாணயத்தை 100 தரம் சுண்டி எழுத, மறுபாதி சுண்டாமலே மனதில் வந்தபடி தலை, பூ என்று எழுதியது. கலந்து கொடுத்த தாள்களைப் பார்த்து, சுண்டியது எது, புனைந்தது எது என்று சேர் பிரித்து வைத்தார். புனைந்தவர்கள் மூன்று தலை வந்ததுமே பூவுக்குத் தாவியிருந்தார்கள். உண்மையில் 100 தரம் சுண்டினால், ஒரே பக்கம் தொடர்ந்து ஐந்து தரமாவது விழாமல் போவதுதான் அபூர்வம்.

ஏழு வெறும் ஏழுதான், எழுமாறு என்பது அது வந்த வழியில் இருக்கிறது என்று அன்று விளங்கப்படுத்தினார். பத்துச் சீட்டையும் பெட்டியில் போட்டுக் குலுக்கினால், எடுக்கும் வரை ஒவ்வொன்றுக்கும் பத்தில் ஒரு வாய்ப்பு. எடுத்த பிறகு கையில் இருப்பது சாதாரண எண். 1933இல் ரஷ்யக் கணிதவியலாளர் கொல்மொகொரோவ் நிகழ்தகவுக்கு அடிப்படை விதிகள் வகுத்தபோது, எழுமாற்று மாறியைப் பரிசோதனையின் ஒவ்வொரு பேறுக்கும், அதாவது வரக்கூடிய ஒவ்வொரு முடிவுக்கும், ஒரு எண்ணைக் கொடுக்கும் சார்பாகவே (function) வரையறுத்தார். பல்கலைக்கழகத்தில் அதைப் படித்தபோது எனக்குப் புதிதாகவே இருக்கவில்லை.

ரொறன்ரோ ஒன்றுகூடல்களில் யாராவது "எல்லாம் லக், வந்து சேர்ந்திட்டம்" என்று சொன்னால் சேரை நினைப்பேன். அந்தப் பெட்டிக்குள் எல்லாருடைய பெயரும் இருக்கவில்லை. அண்ணன் வெளிநாட்டில் இருந்தவன் வந்தான், வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்குக் கட்டக் காணியை ஈடு வைக்க முடிந்தவன் வந்தான். கணக்கில் எங்கள் எல்லாரையும் விடக் கெட்டிக்காரனாக இருந்த என் பக்கத்து வாங்குக்காரன் அங்கேயே நின்றுவிட்டான். சேரும் கடைசிவரை ஊரை விட்டு வரவில்லை. இதையெல்லாம் அவரோடு இருந்து பேசக் கிடைக்கவில்லையே என்ற கவலை எனக்கு உண்டு.

அவர் பெயரில் புலமைப்பரிசில் தொடங்கலாம் என்று பேச்சு அடிபடுகிறது. நல்லது, என் பங்கைத் தருகிறேன். பழைய மாணவர் சங்கத்திடம் ஒன்று கேட்கிறேன்: எங்களுக்குத் தெரிந்தவர்கள் சொல்லும் பிள்ளைகளோடு நிற்காமல், உதவி தேவைப்படும் பிள்ளைகளை வகுப்பு இடாப்பிலிருந்து ஒருவர் விடாமல் எடுத்து, அத்தனை பெயரையும் குலுக்குங்கள்.