அப்பாவின் காது மெஷினும் ஒரு மிளகும்

என் அப்பா சோமனூர்ப் பக்கம் 34 வருடம் விசைத்தறி ஓட்டியவர். தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவரிடம் பேசுவதற்கே காதோரம் போய்க் கத்தவேண்டும். அதனால் அவர் சத்தமாகப் பேசுவதையோ, டிவியை அலறவிடுவதையோ நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "சாவி எங்கப்பா?" என்றால் "காபி இப்பத்தான கண்ணு குடிச்சேன்" என்பார். சொல்லிக்காட்டினால், "எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது, நீங்கதான் வாய்க்குள்ளயே பேசறீங்க" என்று கோபம் வரும்.

முதலில் நான் செய்தது தப்பு. ஆன்லைனில் 1,400 ரூபாய்க்கு ஒரு காது மெஷின் வாங்கிக் கொடுத்தேன். அது பேச்சு, ஃபேன், மிக்ஸி எல்லாவற்றையும் ஒன்றுபோலக் கூட்டிக் கொடுத்தது. இரண்டே நாளில் பீரோவுக்குள் போய்விட்டது. அதோடு, "மெஷின்னாலே இரைச்சல்தான்" என்று அப்பா முடிவுகட்டியும்விட்டார். மறுபடி அவரைக் கிளப்பிக் கூட்டிப்போக எட்டு மாதம் ஆனது.

கோவையில் காது டாக்டர் முதலில் அழுக்கை எடுத்துவிட்டு, ஆடியோகிராம் எடுக்க, அதாவது காது எவ்வளவு கேட்கிறது என்று அளக்க, அனுப்பினார். சத்தம் புகாத அறையில் ஹெட்போனை மாட்டி உட்காரவைத்து, பீப் கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொல்கிறார்கள். ஹெர்ட்ஸ் என்பது சுருதி, எண் ஏற ஏறச் சுருதியும் மேலே போகும்; டெசிபல் என்பது சத்தத்தின் அளவு. 500 ஹெர்ட்ஸில் அப்பாவுக்கு இழப்பு 30 டெசிபல்தான். 1000இல் 40, 2000இல் 60, 4000இல் 75. வருடக்கணக்காகப் பெரிய சத்தத்தில் வேலை செய்தவர்களுக்கு 4000 பக்கம்தான் கேட்கும் திறனில் முதலில் பள்ளம் விழுமாம்.

கேட்கும் திறனைச் சோதித்த ஆடியாலஜிஸ்ட் அம்மா அதை விளக்கியபோதுதான் சாவிக்கும் காபிக்கும் விடை கிடைத்தது. ஆ, இ மாதிரி உயிரொலிகளின் பலம் பெரும்பாலும் கீழ்ச்சுருதியில் இருக்கிறது. ச, க, ப என்று பிரித்துக்காட்டும் கூர்மை மேலே இருக்கிறது. அப்பாவுக்குக் குரல் வந்து சேர்கிறது, சொல் சேரவில்லை. நாங்கள் வாய்க்குள் பேசுவதாக அவர் சொன்னது அவர் காதளவில் உண்மைதான். பாவம், எத்தனை முறை சிரித்திருக்கிறோம்.

அரசு மூலம் கிடைக்குமா என்றும் பார்த்தேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன்படி, பேச்சுக்கான சுருதிகளில் இரண்டு காதுக்கும் 60 டெசிபலாவது இழப்பு இருக்கவேண்டும். அப்பாவின் சராசரி 51. சரி, கைக்காசுதான்.

எனக்கு ஆசை, வெளியே தெரியாமல் காதுக்குள்ளேயே போய்விடும் குட்டி மெஷின்மேல். அப்பாவுக்கும் அதுதான் வேண்டும். நாலு பேர் பார்த்தால் கூச்சம். அந்த அம்மா மறுத்துப் பேசவில்லை. அந்த மெஷினுக்குப் போடும் 10ஆம் நம்பர் பேட்டரி ஒன்றை மேசைமேல் வைத்து, "ஐயா, இத எடுத்து உள்ள போடுங்க" என்றார். மிளகைவிடக் கொஞ்சம்தான் பெரிது. அறுந்த இழையைக் கண்மூடித் திறப்பதற்குள் முடிச்சுப் போட்ட விரல்கள் அவை. சர்க்கரை வந்தபிறகு நுனியில் உணர்வே சரியாக இல்லை. மூன்று முறை உருண்டோடியது. நாலாவது முறை அப்பா கையை மடியில் வைத்துக்கொண்டார். எனக்கு அங்கே உட்காரமுடியவில்லை.

இன்னொரு காரணமும் இருந்தது. கீழ்ச்சுருதி நன்றாகக் கேட்பவருக்குக் காதை முழுதாக அடைத்தால், சொந்தக் குரலே பானைக்குள் பேசுவதுபோல் கேட்குமாம். அதனால் காதுக்குப் பின்னால் உட்கார்ந்து, மெல்லிய ஒயர் வழியாக ஸ்பீக்கர் மட்டும் உள்ளே போகும் வகை, ஓட்டை உள்ள ரப்பர் முனையோடு. ராத்திரி டப்பாவில் வைத்தால் தானே சார்ஜ் ஆகிவிடும்.

வேறொரு கடையில் 16 சேனல் (சுருதிகளைப் பதினாறு பிரிவாகத் தனித்தனியே சரிசெய்வது), ப்ளூடூத் என்று 1,90,000 சொன்னார்கள். அப்பாவிடம் இருப்பது பட்டன் போன்! இரண்டு காதுக்கும் சேர்த்து 78,000இல் முடித்தோம். ஒரு வாரம் வீட்டில் போட்டுப் பார்க்கக் கொடுத்தபிறகுதான் பணம் வாங்கினார்கள். அப்படிக் கொடுக்காத இடத்தில் நான் வாங்கமாட்டேன்.

முதல் நாள் செருப்புச் சத்தம், பேப்பர் மடிக்கும் சத்தம் எல்லாம் அவரைத் திடுக்கிடவைத்தன. பாத்திரம் உருண்டால் கழற்றி எறியப்போனார். இரண்டு முறை போய் அளவைக் குறைத்து, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். கிட்டத்தட்ட இரண்டு மாதம். மைக் காதுக்குப் பின்னால் இருப்பதால் போனைக் கொஞ்சம் மேலே தூக்கிப் பிடிக்கவேண்டும் என்று பழகவே ஒரு வாரம் ஆனது. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு முன் கழற்றவேண்டும் என்பதை அம்மா பார்த்துக்கொள்கிறார். ஸ்பீக்கர் முனையில் அழுக்கு அடைத்தால் சத்தமே வராது. அந்தச் சின்ன வடிகட்டியை மாற்றுவது என் வேலை.

போன வாரம் பக்கத்துத் தறிக்குடோன் மாமா எங்கள் வீட்டுக்கு வந்து, எந்த மெஷின் வாங்கலாம் என்று கேட்டார். அப்பா எழுந்து சமையலறைக்குப் போய், அஞ்சறைப்பெட்டியிலிருந்து ஒரு மிளகைக் கொண்டுவந்து திண்ணையில் வைத்தார்.

"மொதல்ல இத எடுங்க மாப்பிள்ள, பாக்கலாம்."