புகாரைக் கடலுக்குள் தள்ளிய பத்து விநாடி

மூன்று மாதமாகச் சனிக்கிழமை இரவுகள் இதற்கே போகின்றன. காவிரியும் கொள்ளிடமும் கடலில் கலக்கும் பகுதியின் பழைய வரைபடங்களை எடுத்து, இன்றைய செயற்கைக்கோள் படத்தின்மேல் பொருத்திப் பார்க்கிறேன். சிங்கப்பூர் ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் சாப்பாட்டு மேசை, ஒரு மடிக்கணினி, கியூஜிஐஎஸ் என்னும் இலவச மென்பொருள். பட்டறை அவ்வளவுதான். சொந்த ஊர் சீர்காழிப் பக்கம் என்பதால் எந்த ஆற்றை எடுப்பது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

எடுத்த எடுப்பில் காவிரியில் கை வைக்கவில்லை. நடந்து போய்ச் சரிபார்க்கக்கூடிய இடத்தில் பழகிக்கொள்வோம் என்று, கோல்மன் அளந்து 1836இல் வெளியான சிங்கப்பூர் நகர வரைபடத்தை முதலில் எடுத்தேன். அதில் தெலுக் ஆயர் ஸ்திரீட் கடற்கரைத் தெரு. அங்கே இருக்கும் நாகூர் தர்கா 1828க்கும் 1830க்கும் இடையில் எழும்பியபோது வாசலுக்கு எதிரே அலை அடித்தது. சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவர்கள் தங்கள் ஊர் தர்காவை நினைத்துக் கட்டியது அது. இப்போது அந்த வாசலில் நின்றால் கண்ணுக்கு எட்டிய வரை கண்ணாடிக் கட்டடங்கள். சிங்கப்பூர் ஆற்றின் வாயோ 2008இல் மரினா அணைக்கட்டு வந்தபின் நன்னீர்த் தேக்கமாகிவிட்டது. இரண்டு மாலை நடையில் எல்லாம் பொருந்தி வந்தது. அந்தத் தெம்பில்தான் அடுத்த வாரம் அசடு வழிந்தேன்.

வேலை இப்படி. பழைய தாளில் ஓர் இடத்தைத் தொட வேண்டும்; இன்றைய படத்தில் அதே இடத்தைத் தொட வேண்டும். இதை நான் ஆணி அடிப்பது என்று சொல்வேன். பத்துப் பன்னிரண்டு ஆணி அடித்தால் மென்பொருள் தாளை இழுத்தும் சுழற்றியும் பூமியின்மேல் விரித்துவிடும். சோம்பேறிகளுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. தாளின் ஓரத்தில் அச்சாகியிருக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களையே நான்கு மூலைகளிலும் ஆணியாக அடித்துவிடலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்திய நில அளவைத் துறை வெளியிட்ட, அங்குலத்துக்கு நான்கு மைல் அளவுள்ள தாள் ஒன்று என்னிடம் இருந்தது. அரசாங்கத் தாள், அச்சான எண்கள், இதில் என்ன தவறு வந்துவிடப் போகிறது என்று மூலைகளில் அடித்தேன்.

தாள் விரிந்தது. கடற்கரைக் கோடு இன்றைய கரையிலிருந்து நாலரை கிலோமீட்டர் கிழக்கே, நடுக்கடலில் கிடந்தது.

அந்த இரவு எனக்குத் தூக்கம் இல்லை. காவிரியின் வாயில் இருந்த சோழர் துறைமுகமான புகாரைக் கடல் கொண்டது என்று மணிமேகலை சொல்வதைப் பள்ளிக்கூடத்தில் படித்தவன் நான். ஒரு நூற்றாண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் நாலரை கிலோமீட்டர் நிலம் போயிருந்தால் அந்தக் கதைக்கு வேறு சான்று எதற்கு? இரவு ஒன்றரை மணிக்குக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படத்தோடு போட்டேன். மனைவியையும் எழுப்பிக் காட்டினேன். அவள் பார்த்துவிட்டு, "காலையில் பார்க்கலாம், கடல் அங்கேயேதான் இருக்கும்" என்று திரும்பிப் படுத்தாள்.

காலையில் சீர்காழியிலிருந்து பெரியப்பா அழைத்தார். எழுபத்தெட்டு வயது, கணினி தெரியாது, ஊர் தெரியும்.

"தம்பி, உன் படத்தில் திருவெண்காடு எங்கே இருக்கிறது?"

பார்த்தேன். பழைய தாளின் திருவெண்காடு இன்றைய கடற்கரையை ஒட்டி நின்றது.

"கடல் உள்ளே வந்திருக்கலாம். கோயில் எப்போது மேற்கே நடந்து போனது?"

அவர் சிரிக்கவில்லை என்பதுதான் கூடுதல் வலி.

கரை மட்டும் நகரவில்லை. சிதம்பரம், வைத்தீஸ்வரன் கோயில், தரங்கம்பாடி என்று தாளில் இருந்த அத்தனை ஊர்களும் ஒரே அளவு கிழக்கே தள்ளிப்போயிருந்தன. காரணத்தைத் தேடிப் பிடிக்க இரண்டு வாரம் ஆயிற்று. இந்தியாவின் பழைய அளவைத் தாள்களில் தீர்க்கரேகைக்கு அடிப்படை சென்னை வானாய்வகம். 1792இல் நுங்கம்பாக்கத்தில் கட்டப்பட்டது. அதன் கருங்கல் தூண் இன்றும் நிற்கிறது. அந்தத் தூண் கிரீன்விச்சுக்கு எவ்வளவு கிழக்கே இருக்கிறது என்பதை அக்காலத்தில் வியாழனின் துணைக்கோள்கள் மறைவது போன்ற வானத்து நிகழ்ச்சிகளின் நேரத்தை வைத்துக் கணக்கிட்டார்கள். அதில் ஏறக்குறைய இரண்டரை நிமிடத் தீர்க்கரேகை கூடிவிட்டது. தந்திக் கம்பி வழியாக இரண்டு ஊர்க் கடிகாரங்களை ஒப்பிட முடிந்த பிறகுதான் பிழை தெளிவாயிற்று. பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. இரண்டரை நிமிடத் தீர்க்கரேகை என்றால் கடிகாரத்தில் பத்து விநாடி. நம் டெல்டா இருக்கும் 11 பாகை அட்சரேகையில் அந்தப் பத்து விநாடிதான் நாலரை கிலோமீட்டர். ஊர்களுக்கு நடுவே முக்கோணம் முக்கோணமாக அளந்ததெல்லாம் நேர்த்தியானது. மொத்த நாடும் ஒரே சீராகக் கிழக்கே தள்ளி உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான்.

மூலை ஆணிகளைப் பிடுங்கினேன். இந்த முறை கோயில்களில் அடித்தேன். டெல்டாவில் ஆறு நகரும், வாய்க்கால் நகரும், சாலை திரும்பும். கோயில் இருந்த இடத்தில் இருக்கும். சிதம்பரம், சீர்காழி, வைத்தீஸ்வரன் கோயில், திருவெண்காடு. தெற்கே 1620இல் டேனிஷ்காரர்கள் எழுப்பிய தரங்கம்பாடிக் கோட்டை. கரை கச்சிதமாக இன்றைய கரையின்மேல் வந்து உட்கார்ந்தது. ஆங்காங்கே விலகல் தெரிகிறது. ஆனால் இந்த அளவுத் தாளில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 250 மீட்டர். செதுக்கியவரின் கை சற்று நடுங்கியிருந்தாலே போதும், ஒரு மீனவர் குப்பம் கடலுக்குள் போய்விடும். ஆகவே கடல் எத்தனை மீட்டர் தின்றது என்று இந்தத் தாளை வைத்துச் சொல்ல மாட்டேன். கடல் தின்றதைப் பார்க்க வேண்டுமானால் தரங்கம்பாடிக்குப் போக வேண்டும். 1306இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியை அலை கொண்டுபோனது அங்கே கண்ணுக்கு முன்னால் கிடக்கிறது.

கரையை விட்டுவிட்டு ஆற்றைப் பார்த்தபோதுதான் விஷயம் கிடைத்தது. பிரெஞ்சு வரைபடக்காரர் தான்வில்லின் 1752ஆம் ஆண்டுப் படம், ஆங்கிலேய நில அளவையாளர் ரென்னலின் 1782ஆம் ஆண்டுப் படம் ஆகியவற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். இவற்றை ஆணி அடித்துப் பயனில்லை, அளவு மிகச் சிறியது; கண்ணால் படிக்கத்தான் ஏற்றவை. வெள்ளைக்காரர் எழுத்தில் 'கோலெரூன்' ஆகிவிட்ட கொள்ளிடம்தான் இங்கே கடலுக்குப் போகும் பேராறு. காவிரி என்னும் பெயர் கொண்ட ஆறோ கிளை கிளையாகப் பிரிந்து, புகாரை எட்டும்போது இளைத்த ஓடையாகிவிடுகிறது. 1749இல் ஆங்கிலேயர் தஞ்சை அரசரிடமிருந்து பிடித்த தேவிக்கோட்டையும் கொள்ளிடத்தின் வாயில்தான் இருந்தது. காவிரியின் வாயில் அல்ல.

இதற்குக் காரணம் திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் இருக்கிறது. அங்கே ஆறு இரண்டாகப் பிரிகிறது. கொள்ளிடம் குறுக்கே நேராகக் கடலுக்குப் போவது, சரிவும் கூடுதல். தண்ணீர் அந்தப் பக்கம்தான் சாயும். காவிரிப் பக்கம் மணல் மேடிட்டுக்கொண்டே வந்தது. அதைத் தடுக்கத்தான் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் 1836இல் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைக் கட்டத் தொடங்கினார். 2018 ஆகஸ்டில் அதே அணையின் மதகுகள் வெள்ளத்தில் உடைந்து போனதை ஊர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பெரியப்பா இதையெல்லாம் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்: "கொள்ளிடத்துத் தண்ணீர் கடலுக்கு, காவிரித் தண்ணீர் வயலுக்கு."

அப்படியானால் புகாருக்குப் பெருங்கலங்கள் எப்படி வந்தன? இங்கே வரைபடம் கைவிடுகிறது. கிரேக்க நிலவியலாளர் தாலமி இரண்டாம் நூற்றாண்டில் காபேரோஸ் ஆற்றின் வாயையும் காபேரிஸ் வணிகத் துறையையும் தனித்தனியாகப் பட்டியலிட்டிருக்கிறார். ஆனால் வாய் எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம் என்று பட்டியல் சொல்லாது. சொல்வது புறநானூற்று 30ஆம் பாட்டு. உறையூர் முதுகண்ணன் சாத்தனார் நலங்கிள்ளியைப் பாடும்போது, 'கூம்பொடு மீப்பாய் களையாது மிசைப்பரம் தோண்டாது' புகாருக்குள் புகுந்த பெருங்கலம் என்கிறார். பாயை இறக்கவில்லை, மேல்பாரத்தைக் குறைக்கவில்லை. அப்படியே ஆற்றுவாய்க்குள் வந்துவிட்டது. ஒரு மாலுமி எழுதும் குறிப்பு போல் இருக்கிறது. புகழ்ச்சியைக் கழித்துப் பார்த்தாலும், சரக்கு இறக்காமல் நுழைய ஆழம் வேண்டும் என்று புலவருக்குத் தெரிந்திருக்கிறது. பட்டினப்பாலையோ காவிரி மணம் கூட்டும் 'தூஉ எக்கர்' என்கிறது. எக்கர் என்றால் அலையும் ஆறும் குவித்த மணல்மேடு. ஆழமான வாய், பக்கத்திலேயே மணல்மேடு. இரண்டும் ஒன்றாக இருக்கக்கூடியவைதான். எது எதை வெல்லும் என்பது மேலே முக்கொம்பில் தண்ணீர் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைப் பொறுத்தது.

1960களில் புகாரை அடுத்த கீழையூரில் தோண்டியபோது படகுத்துறை போன்ற செங்கல் கட்டுமானம் ஒன்று கிடைத்தது. அதை என் படத்தில் ஒரு புள்ளியாக வைத்திருக்கிறேன். இன்றைய கரையிலிருந்து சற்று உள்ளே விழுகிறது. அந்தப் புள்ளியிலிருந்து பழைய ஆற்றுப்படுகை எந்த வழியாகக் கடலுக்குப் போயிருக்கும் என்று வயல்வரப்புகளின் வளைவை வைத்துத் தேடிக்கொண்டிருக்கிறேன். கோடை மாதப் படங்களில் வளைவு நன்றாகத் தெரிகிறது. நெல் நிற்கும்போது ஒன்றும் தெரிவதில்லை. இதுவரை இரண்டு வளைவுகளைக் குறித்திருக்கிறேன். ஒன்று வெறும் வாய்க்கால் என்று பெரியப்பா தள்ளுபடி செய்துவிட்டார். இன்னொன்றைப் போய்ப் பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

சனிக்கிழமை தோறும் இப்போது அவரே செய்தி அனுப்புகிறார்: "இன்றைக்குக் கடல் எங்கே இருக்கிறது?"