கையெழுத்து வாங்கும் வேலை

அமெரிக்காவில் ஆங்கிலிக்கன் மரபைச் சேர்ந்த எபிஸ்கோபல் சபையின் திருமண்டல (ஒரு பேராயரின் பொறுப்பில் உள்ள பகுதி) அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். குருமார் பதிவேடும், பேராயரைத் தேர்ந்தெடுக்கும் கன்வென்ஷன் என்ற திருமண்டலப் பேரவையின் பிரதிநிதிகள் பட்டியலும் என் பொறுப்பு. சாதாரண நாட்களில் இரண்டையும் யாரும் சீண்ட மாட்டார்கள். ஓய்வு பெறப்போகிறேன் என்று எங்கள் பேராயர் அறிவித்தாரோ இல்லையோ, அவை எல்லோருக்கும் வேண்டியதாகிவிட்டன.

இங்கே பேராயருக்கு 72 வயதில் கட்டாய ஓய்வு. பலர் அதற்கு முன்பே விலகுகிறார்கள். அடுத்தவரைத் தேர்ந்தெடுத்து முடிக்க ஒன்றரை, இரண்டு ஆண்டுகள்கூட ஆகும் என்பதால் நல்ல அவகாசம் கொடுத்துத்தான் சொல்வார்கள். ஊரில் மாமாவிடம் இதைச் சொன்னபோது, "ஒரு பிஷப்பைப் போட ரெண்டு வருஷமா?" என்றார். அவர் பார்த்து வளர்ந்த முறை வேறு. தென்னிந்தியத் திருச்சபையில் திருமண்டலப் பெருமன்றம் ஒரு பேனலைத் தேர்ந்தெடுத்து அனுப்பும். அதிலிருந்து ஒருவரை, முழுச் சபைக்கும் மேலான மன்றமான சினாடு தரப்பு நியமிக்கும். கடைசி முடிவு மேலே. எபிஸ்கோபல் சபையில் திருமண்டலமே ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறது, பிறகு மற்ற திருமண்டலங்கள் சம்மதிக்க வேண்டும். தாங்களே தேர்ந்தெடுக்கும் இந்தப் பழக்கம் இந்தச் சபையைவிட மூத்தது என்றே சொல்லலாம். 1783-ல் அமெரிக்காவின் கனெக்டிகட் குருமார் சிலர் கூடி சாமுவேல் சீபரியைப் பேராயராகத் தேர்ந்தெடுத்தார்கள். பேராயராக அபிஷேகம் பெற பிரிட்டிஷ் அரசருக்கு விசுவாசமாக இருப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டும் என்ற சட்டம் இங்கிலாந்தில் குறுக்கே நின்றதால், அவர் ஸ்காட்லாந்து போய் 1784-ல் அபர்டீனில் அபிஷேகம் பெற்று வந்தார்.

பேராயர் அறிவித்ததும், குருமாரும் சபையாரும் சேர்ந்த திருமண்டல நிர்வாகக் குழுவான ஸ்டாண்டிங் கமிட்டி ஒரு தேடல் குழுவை அமைத்தது. அந்தக் குழு சபை சபையாகப் போய் கருத்துக் கேட்டு, "எங்களுக்கு எப்படிப்பட்டவர் வேண்டும்" என்று ஒரு ப்ரொஃபைல் தயாரித்தது. அதைப் படித்தால் கல்யாணத் தரகரிடம் கொடுக்கும் குறிப்பு மாதிரி இருக்கும்: அனுபவம் வேண்டும், வயது அதிகம் கூடாது, பிரசங்கம் நன்றாகச் செய்ய வேண்டும், பிறர் பேசுவதையும் கேட்க வேண்டும், பணக் கணக்கு தெரிய வேண்டும், பணத்தைப் பற்றியே பேசக்கூடாது. மற்ற திருமண்டலங்களின் ப்ரொஃபைல்களையும் எடுத்துப் பார்த்தேன். எல்லோரும் அதே ஆளைத்தான் தேடுகிறார்கள்.

விண்ணப்பித்தவர்கள் யார் என்பது படு ரகசியம். எங்கள் அலுவலகத்தில் இருப்பது ஒரே பிரிண்டர். அதில் தேடல் குழுவின் தாள் ஒன்றுகூட வந்து விழுந்ததில்லை. பின்னணி விசாரணை, மருத்துவ, மனநலப் பரிசோதனைகள் எல்லாம் முடிந்த பிறகுதான் இறுதிப் பெயர்களை வெளியிட்டார்கள். அப்புறம் அவர்களை ஊர் ஊராக அழைத்துப்போய் மக்கள் கேள்வி கேட்கும் கூட்டங்கள். இதற்கு வாக்அபவுட் என்று பெயர்.

இதற்கிடையே என் மேஜையில் பட்டியல் வேலை. ஒரு குரு எங்கள் எல்லைக்குள் வீடு வாங்கி, பிள்ளைகளை வளர்த்து, ஆராதனையும் நடத்திக்கொண்டிருப்பார். பதிவு வேறு திருமண்டலத்தில் இருந்தால் அவருக்கு இங்கே ஓட்டு கிடையாது. "இத்தனை வருஷமாக இங்கேதானே இருக்கிறேன்?" என்று ஒருவர் போனில் கேட்டார். இருக்கிறீர்கள் ஐயா, ஆனால் உங்கள் மாற்றுக் கடிதம் வரவில்லையே என்றேன். கறார் பிடிக்கிறேன் என்று நினைத்திருப்பார். ஃப்ளோரிடா திருமண்டலத்தில் நடந்ததை அறிந்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். அங்கே 2022 மே மாதத் தேர்தல், கடைசி நேரத்தில் குருமாரை ஆன்லைனில் வாக்களிக்க விட்டதால் சர்ச்சையாகி, தேர்ந்தெடுக்கப்பட்டவர் விலகினார். நவம்பரில் மறுபடியும் அவரையே தேர்ந்தெடுத்தார்கள். இந்தத் தடவை, குருமாரின் பதிவை ஏற்றுக்கொள்வதிலேயே பாரபட்சம் இருந்ததாகப் புகார். 2023-ல் போதிய சம்மதங்கள் கிடைக்காமல் அந்தத் தேர்வு செல்லாமல் போனது. யார் பெயர் பதிவேட்டில் இருக்கிறது என்பது சின்ன விஷயம் இல்லை.

தேர்தல் நாளில் ஓட்டு இரண்டு பிரிவுகளாக நடக்கும்: குருமார் தனி, சபையார் (குருமார் அல்லாத உறுப்பினர்கள்) தனி. ஒரே சுற்றில் இரண்டிலும் பெரும்பான்மை பெற்றவரே வெற்றி பெற்றவர். முதல் சுற்றில் சபையாரிடம் முந்தியவர் குருமாரிடம் பின்தங்கினார். திரையில் எண்கள் வந்ததும் அரங்கம் முழுக்கக் கணக்குப் போடும் சத்தம். ஒரு பாட்டு, ஒரு ஜெபம், காபி, மறுபடி ஓட்டு. வேட்பாளர்கள் அரங்கில் இல்லை. எங்கோ போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். விலகுகிறேன் என்று ஒருவரிடமிருந்து செய்தி வந்தது. அடுத்த சுற்றில் எண்கள் இடம் மாறின.

எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்தது இதுதான். ஊரில் தேர்தல் என்றால் அணி, நோட்டீஸ், கடைசியில் வக்கீல் நோட்டீஸ். இங்கே இருப்பவர்கள் எல்லாம் புனிதர்கள் என்று சொல்ல வரவில்லை. காபி மேஜை ஓரத்தில் காதோடு காதாகப் பேசுவதை நானே பார்த்தேன். ஆனால் தன் கூட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் ஜெயிக்க முடியாது. குருமார் விரும்பும் ஆளைச் சபையார் தடுக்கலாம், சபையார் கொண்டாடும் ஆளைக் குருமார் தடுக்கலாம்.

தோற்றவர்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அவர்கள் வெளியேறத் தயாராக இருந்தார்கள் என்பது அவரவர் சபைக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த ஞாயிறு அதே சபை முன்னால் நின்று பிரசங்கம் செய்ய வேண்டும்.

முடிவு அறிவித்ததும் கைதட்டல். எங்களுக்கு வேலை ஆரம்பம். இவர் இந்தப் பதவிக்குத் தகுந்தவர் என்று நம்புகிறோம் என்ற சான்றுப் பத்திரத்தில் கையெழுத்து வாங்க வேண்டும், இரண்டு தரப்பிலும் பெரும்பான்மையினரிடம். நீண்ட மேஜை போட்டு அகரவரிசைப்படி தாள்களைப் பரப்பியிருந்தோம். பசியோடு கார் சாவியைத் தேடுகிறவர்களை, "ஒரே ஒரு கையெழுத்து" என்று வாசலில் மறித்துக் கூட்டிவந்தோம்.

பிறகு 120 நாட்கள். நாட்டிலும் வெளியிலும் உள்ள நூற்றுச் சொச்சம் திருமண்டலங்களின் ஸ்டாண்டிங் கமிட்டிகளுக்கும் தாள் போகும். அவற்றில் பெரும்பான்மையும், பொறுப்பில் உள்ள பேராயர்களில் பெரும்பான்மையும் சம்மதிக்க வேண்டும். தென் கரோலினாவில் 2006-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட மார்க் லாரன்ஸுக்கு எண்ணிக்கை போதும் என்றுதான் நினைத்தார்கள். சில சம்மதங்கள் உரிய முறைப்படி கையெழுத்தாகி வரவில்லை என்று 2007 மார்ச்சில் தேர்தலே செல்லாது என்றாகிவிட்டது. மறுபடி தேர்தல் வைத்து, மறுபடி சம்மதம் வாங்கி, 2008-ல்தான் அபிஷேகம் நடந்தது.

எங்களுக்கு வந்த தாள் ஒன்றில் ஒரு கையெழுத்து குறைந்தது. அந்த அலுவலகத்துக்குப் போன் போட்டேன். எடுத்த அம்மா, "தென் கரோலினா பயமா?" என்று சிரித்தார். ஆமாம் அம்மா, அதேதான் என்றேன். அந்த வாரமே புதுத் தாள் தபாலில் வந்தது, கையெழுத்துகள் எல்லாம் சரியாக.