சித்தப்பா பெயர் எந்தத் தூணில்?

அம்மாவுடைய சித்தப்பா பட்டாளத்தில் சாப்பர், அதாவது பொறியாளர் படைச் சிப்பாய். 20 வயதில் சிங்கப்பூர் சண்டையில் போய்விட்டார் என்பதற்கு மேல் வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. உடலும் வரவில்லை, தேதியும் வரவில்லை. அதனால் மகாளய அமாவாசையன்று அவருக்கும் சேர்த்து எள்ளும் தண்ணீரும் இறைப்பார்கள். எனக்குச் சிங்கப்பூரில் வேலை கிடைத்ததும், "அவர் பேரு அங்க எங்கயாவது இருக்குதா பாருடா" என்றார் அம்மா.

காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையதளத்தில் இரண்டு உலகப் போர்களிலும் இறந்தவர்களைத் தேடலாம், காசு கிடையாது. ஆனால் நம்மவர்களைக் கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். இவர் பெயர் 'சாமி'யில் முடியும். டபிள்யூ போட்டு, போடாமல், கடைசி எழுத்தை ஒய் ஆக்கி, ஐ ஆக்கி என்று எல்லா விதமாகவும் அடித்துப் பார்த்தேன். அப்பா பெயரை இனிஷியலாகப் போட்டது பெரிய தப்பு. இவர் பதிவில் ஒற்றைப் பெயர்தான். அப்பா பெயரும் ஊரும் கூடுதல் விவரத்தில் தனியாக இருந்தன.

வேலூர் மாவட்டம் என்று தேடித் தேடி ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டாவது வாரம்தான் உறைத்தது, அப்போது அது வட ஆற்காடு! அதைப் போட்டதும் ஆள் அகப்பட்டார். ஊர்ப் பெயரில் 'ழ' போய் 'ல' வந்திருந்தது, கடைசி எழுத்தையே காணோம். அப்பா பெயர் சரியாக இருந்தது. பாட்டியின் டிரங்குப் பெட்டியில் இருந்த பென்ஷன் காகிதத்தில் பட்டாள எண் இருந்தது; செல்லரித்தது போக மிஞ்சிய நான்கு இலக்கங்களும் பொருந்தின.

தேதி 15 பிப்ரவரி 1942. சிங்கப்பூர் ஜப்பானியரிடம் சரணடைந்த நாள். பட்டியலில் எத்தனையோ பேருக்கு அதே தேதி. காணாமல் போனவர்களுக்கெல்லாம் அந்த நாளையே போட்டுவிட்டார்களோ என்று எனக்குச் சந்தேகம்தான். அம்மாவிடம் சொல்லவில்லை. அதற்குள் அவர் ஜோசியரைக் கேட்டுவிட்டார்: விஷு வருஷம், மாசி அமாவாசை. "பாத்தியா, அமாவாசைதான்!"

அவர் பெயர் உள்ள போர் நினைவிடம் சிங்கப்பூரிலேயே கிராஞ்சியில் இருக்கிறது. எம்ஆர்டி என்கிற மெட்ரோ ரயிலில் போய் இறங்கி நடந்தே போகலாம். சரிவு முழுக்க வெள்ளைக் கற்கள், 4,400-க்கு மேல். உடல் கிடைக்காத 24,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் மேட்டின் உச்சியில், விமான இறக்கை மாதிரியான கூரைக்கு அடியில் செதுக்கப்பட்டிருக்கின்றன. இணையப் பதிவில் தூண் எண் கொடுத்திருப்பார்கள். அதைக் குறித்துக்கொள்ளாமல் போகாதீர்கள். பெயர்கள் முதலில் படைப்பிரிவு, பிறகு பதவி, அதற்குள்தான் அகர வரிசை. நான் எண்ணை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போய் முக்கால் மணி நேரம் கழுத்து வலிக்க அலைந்தேன்.

தலைக்கு மேலே இருந்தார். கை எட்டவில்லை. படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அம்மாவுக்கு இங்கிலீஷ் படிக்க வராது.

"இதுல எந்த வரிடா?"

சிவப்பு வட்டம் போட்டு மறுபடி அனுப்பி, மேலேயும் கீழேயும் இருந்த பெயர்களையும் படித்துக் காட்டினேன்.

"எல்லாம் சாமி சாமின்னே இருக்குதே, அந்தப் புள்ளைங்க எந்த ஊராம்?"