பேனாக்கோடு

"தம்பி, அந்த ஃபேனை நிறுத்து. காத்து பட்டாலே நோவுது."

குடியாத்தத்திலிருந்து வந்த அந்த அம்மா உள்ளே நுழைந்ததும் சொன்னது இதுதான். மணிக்கட்டு முறிந்து, மாவுக்கட்டு பிரித்து மூன்று மாதம் ஆகியிருந்தது. எக்ஸ்ரேயில் எலும்பு அழகாகச் சேர்ந்திருந்தது. பீடி சுற்றுகிறவர். மடியில் முறத்தை வைத்து உட்கார்ந்தால், புகையிலைத் தூள் கையில் படுவதே நெருப்பு பட்ட மாதிரி இருக்கிறதாம். வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறார் என்று வீட்டில் பேச்சு.

காட்பாடியில் பிசியோதெரபிஸ்டாகச் சேர்ந்த புதிதில் நானும் கிட்டத்தட்ட அந்த வீட்டார் மாதிரிதான். "எலும்பு சேர்ந்துடுச்சும்மா, இனிமே வலிக்கக் கூடாது" என்பேன். கூடாது என்று உத்தரவு போட நான் யார்? அப்படிச் சொல்லி அனுப்பிய ஒருவர் அப்புறம் வரவே இல்லை.

தொழுநோயில் உணர்ச்சி செத்து, வலி தெரியாமலேயே விரல்களைப் பறிகொடுத்தவர்களை வேலூரில் நிறையப் பார்த்திருக்கிறோம். வலி இல்லாமல் போவது எவ்வளவு பெரிய நஷ்டம் என்று டாக்டர் பால் பிராண்ட் கண்டுகொண்டது இங்கேதான். இந்த அம்மாவுக்கோ நேர் எதிர். காயம் போய்விட்டது, வலி போகவில்லை.

பஞ்சை எடுத்து முழங்கைப் பக்கமிருந்து மெல்லத் தடவிக்கொண்டே கீழே வந்தேன். எந்த இடத்தில் முகம் சுளித்தாரோ அங்கே பேனாவால் கோடு. முறிந்த இடத்துக்கு ஆறு விரற்கடை மேலே! அங்கே அடியே படவில்லை.

கோளாறு கையில் இல்லை, கழுத்துத் தண்டுவடத்தில். கையிலிருந்து வரும் வலி நரம்புகள் தண்டுவடத்தின் பின்கொம்பு என்ற பின்பகுதியில் அடுத்த நரம்பணுவிடம் செய்தியை ஒப்படைக்கின்றன. அந்த அணுவில் என்.எம்.டி.ஏ என்றொரு வாசல் உண்டு. சாதாரண நாளில் மெக்னீசியம் அதை அடைத்துக்கொண்டிருக்கும். வலி விடாமல் வந்து தட்டினால் அடைப்பு விலகும், கால்சியம் உள்ளே பாயும், அணு உசுப்பேறிவிடும். அதன்பின் வெறும் தொடுகைக்கும் வலி என்றே கத்தும், அக்கம்பக்கத்துத் தோலிலிருந்து வருவதற்கும் கத்தும். 1983-இல் கிளிஃபோர்ட் உல்ஃப் என்ற ஆராய்ச்சியாளர் எலிகளில் காட்டியது இதைத்தான்: காயத்துக்குப் பின் வலியைப் பெருக்குவதில் தண்டுவடத்துக்கும் பங்கு உண்டு.

அந்த அம்மாவிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "மைக் செட்டுல சவுண்டை ஏத்தி வெச்சுட்டு மறந்துட்டாங்கம்மா. இருமினாக்கூட ஊரே கேக்குது" என்றேன். கூட வந்த மருமகள் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் டிமிக்கிப் பேச்சு வரவில்லை.

டாக்டர் பிரீகாபலின் என்ற நரம்புவலி மருந்தை எழுதிக்கொடுத்தார். தண்டுவடத்தில் செய்தி கைமாறும் இடத்தில் அது கொஞ்சம் தணிக்கும். என் பங்குக்கு முதலில் பட்டுத்துணி, பிறகு பருத்தி, பிறகு சொரசொரப்பான துண்டு என்று தினமும் தேய்க்கச் சொன்னேன். அடிபட்ட இடத்தைத் தேய்த்துவிட்டால் ஏன் இதமாக இருக்கிறது என்பதற்கு மெல்சாக், வால் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1965-லேயே காரணம் சொல்லிவிட்டார்கள்: தொடுகை நரம்புகள் தண்டுவடத்தில் வலிக்கான கதவைச் சாத்துகின்றன. ஆனால் உசுப்பேறிய தண்டுவடத்தில் அந்தத் தொடுகையே எதிரி. அதனால்தான் பட்டில் ஆரம்பம்.

வாரம் ஒரு கோடு. நாலு வாரத்தில் மூன்று விரற்கடை இறங்கியது. ஐந்தாம் வாரம் மறுபடி ஏறியிருந்தது. கெங்கையம்மன் சிரசுத் திருவிழாச் செலவுக்கென்று இரண்டு நாள் எழுந்திருக்காமல் பீடி சுற்றினாராம்.

எனக்குத் திட்ட வாய் வரவில்லை. புதுக் கோட்டைப் போட்டு, பக்கத்தில் தேதியை எழுதினேன்.